தானாக ஏறிய எண்ணெய்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில், மதகுச் சுவரை ஒட்டி, உடைந்த செங்கல் துண்டுகள் சிவப்பாகச் சிதறிக் கிடந்தன. முழுக் கல் ஒன்றுகூட இல்லை. உதவுகிறதையெல்லாம் யாரோ பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நல்ல ஊரு மேடம்," என்றான் தேவராஜ். "ஆளு போய் மூணு வாரம் ஆகல, கல்லும் போச்சு. மதகை மட்டும் வுட்டு வெச்சிருக்காங்க. கடப்பாரை கெடைக்கல போல."

ஜெயசீலி சிரிக்கவில்லை. மதகுச் சுவரில் டிராக்டர் மோதிய இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய மூக்குக்கண்ணாடி முன்னும் பின்னும் ஆடியது.

பன்னிரண்டு வருஷம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் நசுங்கின வண்டிகளைப் பார்த்தே சம்பளம் வாங்கினவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டு அம்பத்தூரில் ஒரு தையற்கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். தேவராஜ் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். செய்யாத திருட்டுக்கு உள்ளே போக இருந்தவனை அவள் வெளியே இழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அவனுடைய ஸ்கூட்டரும் வாயும் அவளுக்குச் சொந்தம். ஸ்கூட்டராவது சில நாள் ஓய்வெடுக்கும்.

நாலு நாளுக்கு முன்னால் அந்த மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தவள் பத்மா. வயிற்றில் ஆறு மாதம். கழுத்தில் ஒன்றுமில்லை.

"அவரு குடிக்கல மேடம்," என்றாள். "அத மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. வேற எதுவும் வேணாம். தெருவுல, கோயில்ல, எல்லா வாயிலயும் குடிகாரன் ஆயிட்டாரு. அவங்க அம்மா பூசைக்குப் போறதையே வுட்டுட்டாங்க."

அவள் புருஷன் கிறிஸ்துதாஸ், ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பத்மாவைக் காதலித்து மாதா கோயிலில் தாலி கட்டினான். பத்மாவின் அப்பா கஜபதி பருத்திப்பட்டில் நிலம் நீச்சோடு இருப்பவர்; தாயில்லாப் பெண்ணைத் தனியாக வளர்த்தவர். ஒரு வருஷம் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கிறிஸ்துதாஸ் வேலை பார்த்த பட்டறையைப் பூட்டினார்கள். மகளும் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் கஜபதி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தோட்டத்து வீட்டைக் கொடுத்தார். தன் பழைய டிராக்டரையும் மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

ரெண்டு மாதம் ஓட்டினான். ஒரு நாள் காலையில் செங்கல் லோடோடு ஏரிக்கரை வளைவில் போன டிராக்டர் தறிகெட்டு மதகில் மோதியது. கிறிஸ்துதாஸ் தூக்கி எறியப்பட்டான். பின்னால் வந்த டிரெய்லர் அவன்மேல் ஏறிப் படுத்தது.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று கஜபதி சொன்னார். ஊர் அதையே திருப்பிச் சொன்னது.

"யம்மா, இன்னா தேடுறீங்க?"

எருமையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு ஒரு கிழவி கரையேறி வந்தாள். வேம்புலியம்மாள் என்று பெயர் சொன்னாள். அன்று காலையிலும் இதே எருமையோடு இதே இடத்தில் நின்றிருந்தாளாம்.

"எம்மாஞ் சத்தம்ன்ற! ரயிலு கரை மேல ஏறிட்டா மாதிரி. நிமுந்து பாத்தா வெள்ளப் புகை. ஏரியே தெர்ல. அந்தப் புள்ள ஒத்தக் கையால ஸ்டேரிங்கு வட்டத்தப் புடிச்சிகினு, இன்னொரு கையால எதையோ இஸ்துகினே வர்றான். இஸ்துகினே வர்றான்."

"பேசினானா?"

"'நிக்கல, நிக்கல'ன்னு கத்தினான். குடிச்சவன் பாட்டுப் பாடுவான், இப்டி கத்த மாட்டான்."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா?" என்று கிழவி எருமையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

தேவராஜ் ஜெயசீலி பக்கம் திரும்பினான். பத்மா ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். செத்துக் கிடந்தவனின் வலது கையில், இன்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் ஒயர் பிடுங்கிக்கொண்டு முழுசாக வந்திருந்தது. விரல்களைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம்.

"கண்ணு மண்ணு தெரியாம ஓட்றவன் எதுக்கு மேடம் நிறுத்துற ஒயரை இஸ்கணும்?"

"அதைவிடப் பெரிய கேள்வி இருக்கு தேவா," என்றாள் ஜெயசீலி. "இழுத்தானே, ஏன் நிக்கல?"

கஜபதியின் வீட்டுக்கு அவர்கள் அந்த டிராக்டரை விலைக்குக் கேட்கும் வியாபாரிகளாகப் போனார்கள். ஜெயசீலி காட்டுப்பாக்கத்தில் செங்கல் சூளை வைத்திருக்கும் அம்மாள். தேவராஜ் அவளுடைய டிரைவர்.

"டிரைவர் மாதிரி மொறைச்சுகினே நில்லு," என்று அவளே சொல்லிக் கொடுத்தாள், அவனுடைய பாஷையில். "வாயைத் திறந்த, வேலை போச்சு."

கஜபதி வாசலிலேயே நின்று வரவேற்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைப் பனியன், திருத்திய மீசை. மாப்பிள்ளை செத்த வீட்டின் சுவடு அவர்மேல் எங்கேயும் இல்லை. தேவராஜ் அதைத்தான் முதலில் கவனித்தான்.

"வண்டி ராசியில்லன்னு நெனைக்காதீங்கம்மா," என்றார் கீற்றுக் கொட்டகைக்குள் நடந்துகொண்டே. "ஓட்டினவன்தான் ராசி இல்லாதவன்."

டிராக்டர் முகம் நசுங்கி நின்றது. இருபது வருஷத்துப் பழசு. இன்ஜின் மேலெல்லாம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அப்பிய கருப்புத் தோல். அந்தக் கருப்புக்கு நடுவில் ஒரு சின்ன உருப்படி மட்டும் தங்கப் பல் மாதிரிப் பளபளத்தது.

"அது இன்னா சார், புதுசா?" என்று கேட்டுவிட்டான் தேவராஜ். வேலை போகவில்லை.

"ஃபீட் பம்ப்பு." கஜபதியின் முகம் மலர்ந்தது. "டேங்குல இருந்து டீசலை இஸ்து குடுக்கும். போன வாரந்தான் புதுசு போட்டேன். வாங்கறவங்களுக்கு ஒரு கொறையும் இருக்கக் கூடாது பாருங்க."

"ஆயில்?" என்றாள் ஜெயசீலி.

"கேஜைப் புடிச்சுப் பாருங்களேன். கோடு வரைக்கும் கரெக்டா நிக்கும்."

அவள் எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினாள். கோட்டைத் தொட்டுக்கொண்டு சரியாக நின்றது எண்ணெய். ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்தாள். பிறகு கைப்பையில் இருந்த செய்தித்தாளின் ஓரத்தில் இன்னொரு சொட்டை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல டயரைப் பார்க்கப் போனாள்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்களேன்."

"ரேடியேட்டர் போயிருக்கு. ரெண்டு நிமிஷம் ஓடும், கேளுங்க. சாவி உள்ள கீது." கஜபதி வீட்டுக்குள் போனார்.

அவர் போனதும் சமையற்கட்டுப் பக்கமிருந்து பத்மா மோர் டம்ளர்களோடு வந்தாள். அவர்களை முன்பின் பார்த்திராத முகம். குரலை மட்டும் தாழ்த்தினாள்.

"எதனா தெரிஞ்சுதா மேடம்?"

"பத்மா, இந்த வண்டியோட எண்ணெயைப் பத்தி உங்க வீட்டுக்காரர் எப்பவாவது பேசியிருக்காரா?"

அந்தப் பெண்ணின் முகத்தில், இத்தனை நாளில் முதல் தடவையாக, ஒரு சிரிப்பு வந்தது.

"எண்ணெயா? அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'உங்க நைனா வண்டி அதிசய வண்டி பத்மா. மத்த வண்டி எண்ணெய் குடிக்கும், இது ஊத்தாமயே ஏறுது. மாதா கோயில் வாசல்ல நிறுத்தினா கூட்டம் தாங்காது'ம்பாரு."

"யார்கிட்டயும் கேக்கலையா, ஏன் ஏறுதுன்னு?"

"கேட்டாரு. நான்தான் போயி..."

செருப்புச் சத்தம் கேட்டது. பத்மா காலி டம்ளரை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். கஜபதி சாவியைப் போட்டார். பழைய இன்ஜின் ரெண்டு தடவை இருமிவிட்டு, சாதுவாக ஓடியது. ஒயர் போய்விட்ட ஸ்டாப் கம்பியைக் கையால் தள்ளினார். சாதுவாக நின்றது.

"சாயங்காலம் வந்து முடிச்சுக்கறேன்," என்றாள் ஜெயசீலி.

ஏரிக்கரை தாண்டியதும் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னாள். செய்தித்தாளை விரித்துக் காட்டினாள். அந்த ஒரு சொட்டு, நடுவில் கருப்பும் சுற்றிலும் வெளிர்மஞ்சள் வட்டமுமாக உள்ளங்கை அகலத்துக்கு ஊறிப் பரவியிருந்தது.

"மோந்து பார்."

"டீசலு!"

"நல்ல இன்ஜின் ஆயில் வெச்ச இடத்துல குந்தியிருக்கும். இது தண்ணி மாதிரி ஓடுது. ஆயிலோட டீசல் கலந்திருக்கு. இந்த மாதிரிப் பழைய வண்டியில டீசல் ஆயிலுக்குள்ள இறங்கறதுக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான். ஃபீட் பம்ப் உள்ளே இருக்கிற ரப்பர் கிழிஞ்சிருக்கணும்."

"அதான் புது பம்ப்பாச்சே மேடம்?"

"புது பம்ப். ஆனா ஆயில்ல டீசல். ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்?"

தேவராஜ் தலையைச் சொறிந்தான். பிறகு சொறிவதை நிறுத்தினான்.

"டீசல் இறங்கினது பழைய பம்ப்புல. பம்ப்பை மாத்தினது அப்பால. போன வாரம். ஆளு செத்தப்புறம்."

"குடிச்சதாலதான் செத்தான்னு சொல்றவர், எதுக்கு வண்டிக்கு வைத்தியம் பாத்தார்?"

"நோவு வண்டிக்குத்தான்னு அவருக்குத் தெரியும்." தேவராஜ் மெல்ல விசிலடித்தான். "அப்ப ஆயிலையும் மாத்தியிருக்கலாமே மேடம். ஏன் மாத்தல?"

"ஏறியிருந்த வரைக்கும் இறக்கிட்டார். அளவு சரியாயிடுச்சு. மீதியைக் கொட்ட மனசு வரல. கையிறுக்கம்."

"கஞ்சத்தனம் கண்டுபுடிச்சுக் குடுக்குது. நம்ம நிலையத்துக்கு இந்த ஆளத்தான் வேலைக்கு வெக்கணும். சம்பளம் கேக்க மாட்டாரு."

"இன்னும் ஒண்ணு பாக்கி. பம்ப் கெட்டது அவருக்கு எப்பத் தெரியும்? செத்தப்புறம் தெரிஞ்சுதுன்னா அலட்சியம். முன்னாடியே தெரியும்னா..."

அவள் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

கிறிஸ்துதாஸுக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டினவர் லட்சுமணன். இப்போது நெமிலிச்சேரி ரயில் ஸ்டேஷன் வாசலில் இளநீர் சீவிக்கொண்டிருந்தார். கஜபதி பெயரைக் கேட்டதும் அரிவாள் காய்க்குள் இறங்கி அங்கேயே நின்றது.

"அது பைத்தியம் புடிக்கிற வண்டிம்மா," என்றார். "ஆயில் ஏறிகினே போவும். ஒரு அளவுக்கு மேல போச்சுன்னா, வெறி புடிச்சா மாதிரி உறுமும். நாம எதையும் அமுக்க வேணாம், அதுவா ஓடும். நான் தெனம் காலைல அடி நட்டைக் கழட்டி, ஏறினத எறக்கிட்டுத்தான் எடுப்பேன். பம்ப்பை மாத்துன்னு மொதலாளி கிட்ட தலப்பாடா அடிச்சிகினேன். பாக்கலாம் பாக்கலாம்னாரு."

"வெறி பிடிச்சப்போ ஸ்டாப்பை இழுத்தா?"

லட்சுமணன் கசப்பாகச் சிரித்தார்.

"ஸ்டாப்பு டீசலைத்தாம்மா நிறுத்தும். அது அப்ப டீசல்ல ஓடலயே. தன் வயித்துல கீற எண்ணெயையே குடிச்சிகினு ஓடுது. ஒயரு அறுந்தாலும் நிக்காது. கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதிச்சு வண்டிய நிறுத்திட்டு, காத்துக் குழா வாயை அடைக்கணும். மூச்சு முட்டித்தான் சாவும்."

"இது கஜபதிக்குத் தெரியுமா?"

"மொத தடவ வெறி புடிச்சப்போ ஸ்டாப்பை இஸ்துகினு நின்னதே அவருதான். கொட்டாயில நின்ன வண்டி. அவரு இஸ்துகினே கீறாரு, அது கத்திகினே கீது. நாந்தான் சாக்கைச் சுருட்டி அடைச்சேன். அப்பால மாப்பிள்ளைய ஓட்டச் சொல்லி, என்ன வாணாம்னுட்டாரு. பையன் கிட்ட விஷயத்த சொல்லிட்டுப் போறேன்னேன். 'நான் சொல்லிக்கிறேன், நீ இந்தப் பக்கம் வராத'ன்னாரு."

"சொன்னாரா?"

"எங்க சொல்றது? அவரு மாப்பிள்ள கிட்ட பேசவே மாட்டாரே. அந்தப் பையன் எதிர்லயே நிப்பான். இவரு பொண்ணப் பாத்து, 'உன் ஊட்டுக்காரருக்குச் சொல்லு'ம்பாரு. அந்தப் பொண்ணு திரும்பி, பக்கத்துல நிக்கிற புருஷன் கிட்ட சொல்லும். பாக்கவே ஒரு மாதிரி இருக்கும்."

ஜெயசீலி எழுந்துவிட்டாள். ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த டெலிபோன் பூத்துக்குள் போய், போலீஸுக்குப் பேசிவிட்டு வந்தாள். வந்தவளின் முகம் தேவராஜுக்குப் பிடிக்கவில்லை.

"கெலிச்சாச்சு மேடம். ஏன் இப்டி இருக்கீங்க?"

"பத்மா காலையில ஒரு வார்த்தை பாதியில விட்டா. 'நான்தான் போயி'ன்னு. வண்டியை எடு."

வெயில் சாய்ந்திருந்தது. கஜபதி கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயசீலி தன் நிஜப் பெயரையும் தொழிலையும் சொன்னாள். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"காலைலயே தெரியும்," என்றார். "சூளை வெச்சிருக்கறவங்க ஆயிலைப் பேப்பர்ல வெச்சுப் பாக்க மாட்டாங்க. காலி டம்ளரோட வந்த என் பொண்ணு மொகமும் சொல்லிச்சு. சரி, இன்னா கண்டுபுடிச்சீங்க?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெள்ளைப் புகை. டீசல் கலந்த எண்ணெய். செத்த பிறகு மாற்றிய பம்ப். லட்சுமணன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வண்டி என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே அவனை ஏத்தி விட்டீங்க."

"வண்டி பழசுன்னு தெரியும். பழச ஓட்டினா பாத்து ஓட்டணும். அத அவனுக்கு யாரும் சொல்லலயா?"

"நீங்க சொல்லல."

"நான் எப்டிம்மா சொல்வேன்?" கஜபதி சிரித்தார். "ஊர்ல யார வேணா கேளுங்க. என் பொண்ண இட்டுகினு போன அன்னிக்கே எனக்கு அவன் செத்தவன். செத்தவன் கிட்ட பேசற பழக்கம் எனக்கு கெடையாது. கல்யாணத்துல இருந்து ஒத்த வார்த்த பேசினதில்ல. அவன் காதுல வுழுந்ததெல்லாம் ஒரே வாய்ல இருந்துதான். அது எவ வாயின்னு போய்க் கேளுங்க."

வாசற்படியில் பத்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முழுதும் கேட்டிருந்தாள் என்று மட்டும் தெரிந்தது.

பின்கட்டில் ஒரு கோழி கத்தி அடங்கியது.

"மொத தடவ," என்றாள் பத்மா. குரல் யாருடையதோ போல இருந்தது. "எண்ணெய் ஏறுது, ஏன்னு உங்க நைனாவக் கேளுன்னாரு. நான் வந்து கேட்டேன். 'கொறைஞ்சாதான் பயம். ஏறினா நல்லதுதான்னு சொல்லு. எறக்க வாணாம்னு சொல்லு'ன்னீங்க. போய்ச் சொன்னேன்."

"பத்மா, உக்காரு," என்றாள் ஜெயசீலி.

"இல்ல மேடம். ரெண்டாவது தடவ ஒண்ணு இருக்கு. அவரு செத்ததுக்கு மொத நாள் சாயங்காலம் வண்டி தானா உறுமி அடங்கிச்சுன்னு வந்தாரு. ராத்திரி பூரா தூங்கல. காலைல கையெல்லாம் நடுங்கிச்சு. 'எனக்குப் பயமா கீது பத்மா, இன்னிக்கு எடுக்கட்டுமான்னு கேட்டுட்டு வா'ன்னாரு. வந்து கேட்டேன். நீங்க பேப்பர் படிச்சிகினு இருந்தீங்க நைனா. தல நிமுரல. 'எடுக்கச் சொல்லு. மறுபடி உறுமினா ஸ்டாப்பை இழுக்கச் சொல்லு. வேற எதையும் தொட வாணாம், இழுத்துகினே இருக்கச் சொல்லு, நின்னுடும்'னீங்க."

அவள் வலது கை தானாக மேலே போய், எதையோ பிடித்து இழுப்பதுபோல மடங்கியது.

"இப்டித்தான் செஞ்சு காட்டினேன். 'ஸ்டாப்பை இழுங்க, வேற எதையும் தொடாதீங்க, நைனா சொன்னாரு'ன்னேன். அவரு போனாரு."

தேவராஜ் தரையைப் பார்த்தான். அந்தக் கரையில் கிளட்ச்சை மிதித்திருந்தால், பிரேக்கை மிதித்திருந்தால், அந்தப் பிள்ளை இந்நேரம் உயிரோடு இருப்பான். அவன் மிதிக்கவில்லை. பெண்டாட்டி சொன்னதை நம்பி இழுத்தான். ஒயர் கையோடு வரும்வரை இழுத்தான்.

"பாத்தீங்களா," என்றார் கஜபதி ஜெயசீலியிடம். "சொன்னது அவ. கேட்டது அவன். நடுவுல நான் எங்க இருக்கேன்?"

"நீங்க சொன்னதை இதுவரைக்கும் உங்க பொண்ணு ஒருத்திதான் கேட்டா," என்றாள் ஜெயசீலி. "அந்த ஒருத்தி வாயைத் திறக்க மாட்டா, திறந்தா அவளே குற்றவாளி ஆயிடுவான்னு கணக்குப் போட்டீங்க. இப்ப எங்க ரெண்டு பேர் முன்னாடியும் சொல்லிட்டா. நீங்க அது பொய்யின்னு சொல்லல. லட்சுமணன் இருக்கார். இன்ஜினுக்குள்ள எண்ணெய் இருக்கு. ஜீப் வந்துகிட்டிருக்கு."

"வரட்டும்." அவர் மகளைப் பார்த்தார். "நீயும் ஏறு. புருஷனக் கொன்னவளத்தான் மொதல்ல ஏத்துவாங்க."

"ஏறுறேன் நைனா," என்றாள் பத்மா. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கொன்னீங்க, சரி. குடிகாரன்னு எதுக்குச் சொன்னீங்க?"

கஜபதி வேட்டியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"செத்துக் கெடக்கறவனுக்கு ஊரு ஒரு காரணம் கேக்கும். கெடைச்சத சொன்னேன்."

ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜெயசீலியிடம் விசாரித்தார், கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார், டிராக்டரை யாரும் தொடக் கூடாது என்று ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார். கஜபதி சட்டை மாட்டிக்கொண்டு வந்து, கல்யாணத்துக்குப் போகிறவர்போல ஜீப்பில் ஏறினார். மகள் பக்கம் திரும்பவில்லை. பத்மா ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் வந்தாள். நடந்ததை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். 'நான் சொன்னேன்' என்று வருகிற இடத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "எழுதுங்க சார்," என்றாள்.

கேஸ் நிற்குமா என்று தேவராஜ் வாசலில் கேட்டான்.

"நிக்கலாம்," என்றாள் ஜெயசீலி. "வக்கீல் கூண்டுல ஏத்தி இவளைத்தான் முதல்ல கிழிப்பான். அதுக்கும் இவ தாங்கணும்."

விளக்கு வைக்கிற நேரத்தில் அவர்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனார்கள். வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். கிறிஸ்துதாஸின் அண்ணன் பெயர் எழுதிய கதவைத் தட்டும் முன் பத்மா சொன்னாள்: "நீங்க பேசாதீங்க மேடம். நானே சொல்றேன்."

கதவைத் திறந்தது தெரசா, கிறிஸ்துதாஸின் அம்மா. கையில் ஜெபமாலை. மருமகளைப் பார்த்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

"அவரு குடிக்கல அத்தை."

"அது நீ வந்து சொல்லணுமா? அவனப் பெத்தவ நான்."

பத்மா படியில் நின்றபடியே சொன்னாள். எண்ணெய் ஏறியதை, போய்க் கேட்டதை, வந்து சொன்னதை. தன் அப்பாவை. தன்னை. ஜெபமாலை மணிகள் தெரசாவின் விரலுக்குள் நகர்ந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் அவையும் நின்றன.

"ரெண்டு தடவ கேட்டானா?"

"ரெண்டு தடவ."

"ரெண்டு தடவயும் நீதான் போய்ச் சொன்னியா?"

"நான்தான் அத்தை."

பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள். தெரசாவின் கண்கள் மருமகளின் வயிற்றுக்கு இறங்கி, மறுபடி முகத்துக்கு ஏறின.

"அன்னிக்குக் காலையில வண்டி எடுக்கும்போது, பயந்தானா எம் புள்ள?"

ராத்திரி பூரா தூங்காதவன், கை நடுங்கினவன் தேவராஜின் காதில் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

"இல்ல அத்தை," என்றாள் பத்மா. "சிரிச்சிகினேதான் போனாரு. வளைவு திரும்பற வரைக்கும் கைய ஆட்டிகினே போனாரு."

தெரசா கதவிலிருந்து ஓரமாக நகர்ந்து நின்றாள்.

"உள்ள வா. உனக்காக இல்ல. வயித்துல இருக்கிறது எம் புள்ளையோடது. அது பொறக்கற வரைக்கும் இங்க இரு. எங்கூட மட்டும் பேசாத."

பத்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

தேவராஜ் ஸ்கூட்டரை உதைத்தான். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தான்.

"மேடம்," என்றான் திரும்பாமல். "அந்தப் பொண்ணு இப்ப சொன்னது..."

எந்தப் பொய்யையும் விடாமல் துரத்திப் பிடித்து, அதன் வாலை முறுக்கி உண்மையைக் கக்க வைப்பவள் ஜெயசீலி. கயிற்றில் தொங்கிய மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"நான் ஒண்ணும் கேக்கல தேவா," என்றாள். "நீயும் கேக்கல. வண்டியை எடு."